வேலியில்லாத ஊரின் வேலி

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலில் போகும் நேயர்கள், கீழ்வேளூர் ஸ்டேஷன் வருவதற்கு முன்னும் பின்னும் ஜன்னல் வழியாகச் சற்று நேரம் வெளியே பார்த்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களானால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பசுமைதான். வாய்க்கால்கள் தெரியும், வரப்புகள் தெரியும், தூரத்தில் ஒரு தென்னந்தோப்பும் அதற்கப்பால் ஒரு கோபுரமும் தெரியும். ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வயலுக்கு ஒரு வேலி தென்படாது. கொல்லைக்கும் தோட்டத்துக்கும் முள்வேலி கட்டுவார்களே அன்றி, நெல் விளையும் நன்செய்க்கு வேலி கட்டுகிற வழக்கம் காவேரிக் கரையில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே சீமையில் நிலத்தை அளக்கும் கணக்குக்குப் பெயர் 'வேலி' என்பதுதான். நூறு குழி கொண்டது ஒரு மா; இருபது மா கொண்டது ஒரு வேலி. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். "அவருக்கென்ன, ஐந்து வேலி நிலம்!" என்றால் அந்தக் காலத்தில் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு வேறு விசாரணை தேவைப்படாது. வேலியே காணாத வயல்களுக்கு வேலிக் கணக்கு!

இந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் சென்று பார்த்தால், இன்றைக்கும் பயன்படக்கூடிய ஒரு விஷயம் விளங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் உலகத்தின் இரண்டு மூலைகளில், கிராமத்துப் பொது நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வியாஜ்யம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலை இங்கிலாந்து. அங்கே முள்ளும் கழியும் கொண்டு மெய்யாகவே வேலி போட்டார்கள். இன்னொரு மூலை நம்முடைய தஞ்சாவூர்ச் சீமை. இங்கே போட்ட வேலி ஓலையிலும் கணக்கிலும் இருந்தது. இரண்டில் எது அதிகக் காலம் நின்றது என்பதைக் கடைசியில் நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பந்தாட்டமும் வேலி எரிப்பும்

முதலில் இங்கிலாந்தைப் பார்த்துவிடுவோம். அந்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் முற்காலத்தில் வயல்கள் திறந்த வெளியாகவே கிடந்தன. ஒவ்வொரு குடியானவனுக்கும் அங்கொரு துண்டு, இங்கொரு துண்டு என்று நிலம் இருக்கும். அறுவடையானதும் ஊர் மாடுகளெல்லாம் எல்லா வயல்களிலும் மேயும். இதைத் தவிர ஊருக்கென்று மேய்ச்சல் தரையும் புறவெளியும் உண்டு. சொந்த நிலமே இல்லாத ஏழையும் அங்கே ஒரு பசுவையோ நாலு வாத்துக்களையோ விட்டு மேய்த்துக்கொள்வான். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குவான்.

பெரிய நிலச்சுவான்தார்கள் இந்த ஏற்பாட்டை மாற்ற விரும்பினார்கள். சிதறிக் கிடந்த துண்டுகளையும் பொதுத் தரையையும் சேர்த்துப் பங்கிட்டு, அவரவர் பங்கைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ளப் பார்லிமெண்டில் மசோதா கொண்டுவந்தார்கள். 1604 முதல் 1914 வரையில் இப்படிப்பட்ட மசோதாக்கள் 5,200-க்கு மேல் வந்தன. இவற்றால் வேலிக்குள் அடங்கிய நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். இதில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதையடுத்த சில பத்து வருஷங்களிலும் நடந்தது. பத்திரம் வைத்திருந்தவனுக்குப் பங்கு கிடைத்தது. வழக்கத்தை மட்டும் நம்பியிருந்த ஏழைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சிறு பங்கு கிடைத்தவர்களிலும் பலர், அதைச் சுற்றி வேலி போடும் செலவைத் தாங்க முடியாமல் விற்றுவிட்டார்கள்.

ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1765-ம் வருஷம் நார்த்தாம்ப்டன் பகுதியில் மேற்கு ஹாடன் என்ற கிராமத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் நடக்கப் போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. குறித்த நாளில் பெருங்கூட்டம் கூடிற்று. பந்து உதைபட்டதோ இல்லையோ, கூட்டம் முழுவதும் புதிதாகப் போட்டிருந்த வேலிகளின் மேல் பாய்ந்து பிடுங்கித் தீ வைத்துவிட்டது! குதிரைப்படை வந்து அடக்க வேண்டியதாயிற்று. வேலி மறுபடியும் போடப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஏழைகளுக்கு ஒரு வசதி இருந்தது. தங்களை வெளியே நிறுத்தியது எது என்று அவர்கள் கண்ணாலே பார்க்க முடிந்தது. கையால் பிடுங்கவும் முடிந்தது.

சமுதாயம் என்னும் ஏற்பாடு

இப்போது கீழ்வேளூர்ப் பக்கம் திரும்புவோம். கேடிலியப்பர் எழுந்தருளியிருக்கும் இந்த ஸ்தலம், கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் ஒன்று. சம்பந்தரும் அப்பரும் பாடிய பழம்பதி. காவேரியின் கிளைகள் கடலை நெருங்கும் கடைமடைப் பிரதேசம் இது. மேட்டூரிலோ கல்லணையிலோ தண்ணீர் விட்டால் கடைசியாக வந்து சேரும் இடம். மழை மிகுந்து வெள்ளம் வந்தால் கடைசியாக வடியும் இடமும் இதுதான்.

இந்தச் சீமையின் கிராமங்களில் நிலத்துக்கு உரியவர்களை 'மிராசுதார்கள்' என்றார்கள். மிராசு என்பது பரம்பரைப் பாத்தியதை என்று பொருள்படும் அரபுச் சொல். அதற்கு முன் தமிழில் வழங்கியது 'காணியாட்சி'. ஒரு கிராமத்தின் மிராசு இத்தனை பங்கு என்று பிரிந்திருக்கும். பல கிராமங்களில் அந்தப் பங்கு குறிப்பிட்ட வயலைக் குறிப்பதில்லை. ஊர் முழுவதிலும் இத்தனையில் ஒரு பாகம் என்றுதான் பொருள். எந்த வயலை யார் சாகுபடி செய்வது என்பதை வருஷத்துக்கு ஒரு முறையோ, சில வருஷங்களுக்கு ஒரு முறையோ சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். இதற்குக் 'கரையீடு' என்று பெயர். இப்படிப் பொதுவில் நிலத்தை வைத்திருந்த கிராமம் 'சமுதாய கிராமம்' எனப்பட்டது.

கரையீட்டில் ஒரு நியாயம் இருந்தது. வாய்க்கால் தலைப்பில் உள்ள வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைசி வயலுக்கு மிச்சம் மீதி இருந்தால் பாயும். தாழ்ந்த வயல் வெள்ளத்தில் முழுகும்; மேட்டு வயல் கோடையில் காயும். என்றைக்கும் ஒருவனுக்கே நல்ல வயல், என்றைக்கும் ஒருவனுக்கே கெட்ட வயல் என்றால் ஊரில் சமாதானம் இராது. ஆகவே அதிர்ஷ்டத்தையும் துரதிர்ஷ்டத்தையும் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். குளத்து மீன், தோப்புக் காய், மேய்க்கால், வைக்கோற்போர் போடும் களம், குடியிருக்கும் நத்தம் ஆகிய எல்லாமே பங்கு வீதத்தில்தான். நிலத்தை விற்கும் பத்திரங்களில் மேல் நோக்கிய மரமும் கீழ் நோக்கிய கிணறும் உட்பட என்று வரிசையாக எழுதுவது பழைய வழக்கம்.

இதைப் படிக்கும்போது, "ஆகா! நம் முன்னோர்கள் எவ்வளவு அழகாகப் பொதுவுடைமையை நடத்தியிருக்கிறார்கள்!" என்று நேயர்களுக்குத் தோன்றலாம். சென்ற நூற்றாண்டில் பல பெரியவர்கள் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய அம்சம் இதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பெருமைப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'சமுதாயம்' என்றார்களே, அந்தச் சமுதாயத்தில் சேர்ந்தவர்கள் யார்? பங்குக்காரர்கள் மட்டுமே. உழுதவன், நட்டவள், அறுத்தவன், போரடித்தவன் எல்லோரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

வேலியே பயிரை மேய்ந்த காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தஞ்சாவூர்ச் சீமைக்கு வந்த கஷ்டங்கள் கொஞ்சமல்ல. 1758-ம் வருஷம் பிரெஞ்சுத் தளபதி லாலி, தஞ்சை அரசர் எழுதிக் கொடுத்திருந்த 56 லட்சம் ரூபாய்ப் பழைய பத்திரம் ஒன்றை வசூல் செய்வதற்காகக் காரைக்காலிலிருந்து படையோடு புறப்பட்டார். நாகூர் வழியாக வந்த அந்தப் படை கீழ்வேளூரில் தங்கிற்று. புதையல் இருக்கிறதென்று எண்ணிக் கோயிலைச் சூறையாடினார்கள், வீடுகளைத் தோண்டினார்கள், குளங்களைத் துழாவினார்கள். எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. வேவு பார்த்தார்கள் என்று குற்றஞ்சாட்டி ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் லாலி. நிலத்தைப் பற்றிய ஒரு வரியும் அறியாத தூரதேசத்துத் தளபதி, ஒரு கடன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்த கதை இது.

அடுத்து வந்தது 1773. கும்பெனிப் படையின் உதவியோடு ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி தஞ்சாவூரைப் பிடித்து, அரசர் துளஜாவைச் சிறை வைத்தார். நவாபுக்கோ கழுத்து வரையில் கடன். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பென்பீல்டு என்ற கும்பெனி உத்தியோகஸ்தர். கும்பெனியின் லண்டன் டைரக்டர்கள் தஞ்சாவூரை அரசருக்கே திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட, 1776-ல் சென்னைக் கவர்னர் பிகட் பிரபு நேரில் வந்து அதை நிறைவேற்றினார். உடனே பென்பீல்டு எழுந்து நின்றார். நவாப் தமக்கு எழுதி வைத்த தஞ்சாவூர் வருமானத்தின் பேரில் 1,62,000 பவுனும், தஞ்சைக் குடிகளுக்குப் பயிரின் மேல் கொடுத்ததாக 72,000 பவுனும் தமக்கு வர வேண்டும் என்றார்! மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவருக்கு அவ்வளவு பணம் ஏது என்று பிகட் கேட்டார். கேட்டதற்குப் பலன், அவருடைய சபையினரே அவரை 1776 ஆகஸ்டில் கைது செய்தார்கள். மறு வருஷம் காவலிலேயே அவர் இறந்தார்.

நேயர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். வயலில் நிற்கும் பயிர் அறுபடுவதற்கு முன்பே அதன் விளைவு சென்னப் பட்டணத்தில் கைமாறியிருக்கிறது. வரப்பில் நின்ற குடியானவன் பென்பீல்டைப் பார்த்ததே இல்லை. பயிரைச் சுற்றி வேலி இல்லைதான். ஆனால் பயிரின் மேல் பத்திரம் இருந்தது.

1781-ல் ஹைதர் அலியின் படை வந்தது. நெல் அழிந்தது, மாடுகள் போயின, அணைகளும் கரைகளும் உடைந்தன. ஜனங்கள் திரளாக ஊரை விட்டு ஓடினார்கள். பல கிராமங்கள் தரிசாய்க் கிடந்தன. இந்த நிலையில் வரி வசூலுக்காகப் 'பட்டக்தார்' என்ற ஒரு வகுப்பார் தலையெடுத்தார்கள். ஒரு பட்டக்தாரிடம் ஓர் ஊரோ, பல ஊர்களோ ஒப்புவிக்கப்படும். குடிகளைத் திரும்பக் கூட்டி வந்து சாகுபடி செய்வித்து அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதை அவர் சேர்ப்பிக்க வேண்டும். சொல்லுவதற்கு நல்ல ஏற்பாடுதான். நடந்தது என்னவென்றால், இந்தப் பட்டக்தார்கள் பெரும்பாலும் தாங்களே பெரிய மிராசுதார்கள். ஓடிப்போனவனுடைய பங்கும், வரி கட்ட முடியாதவனுடைய பங்கும் மெள்ள மெள்ள அவர்கள் கணக்கில் ஏறின. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அது இதுதான். ஊருக்குத் திரும்பி வந்தவன் தன் பங்கு எங்கே என்று கேட்டபோது அவனுக்குக் கிடைத்த பதில், சீமை முழுவதும் தலைமுறைக் கணக்கில் நீடித்த வியாஜ்யங்களுக்கு வித்தாயிற்று.

பங்கு வயலாக மாறியது

1799-ம் வருஷ உடன்படிக்கையினால் தஞ்சாவூர்ச் சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. சரபோஜி மகாராஜாவுக்குக் கோட்டையும் மரியாதையும் மிஞ்சின. பட்டக்தார் ஏற்பாடு எடுபட்டது. கலெக்டர்கள் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 1805-ஐ ஒட்டிக் கலெக்டர் வாலஸ் காலத்தில் எடுத்த கணக்கில் ஜில்லாவின் கிராமங்கள் ஏறக்குறைய 5,780. அவற்றில் சமுதாயமாக இருந்தவை சுமார் 1,800. பங்குகள் நிலையாகப் பிரிந்து அவரவர் வயல் அவரவருக்கு என்று ஆகிவிட்ட 'பலபோக' கிராமங்கள் சுமார் 2,200. ஒரே மிராசுதாருக்குச் சொந்தமான 'ஏகபோக' கிராமங்கள் சுமார் 1,770. மிராசுதார்கள் மொத்தம் 62,000-க்குச் சற்று அதிகம்.

ஆக, பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்தபோது மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களே சமுதாயமாக மிஞ்சியிருந்தன. பிறகு அவையும் தேய்ந்துபோயின. காரணம் ஒருவருடைய கெட்ட எண்ணம் மட்டுமல்ல. அடுத்த வருஷம் வேறொருவன் கைக்குப் போகப் போகிற வயலுக்கு யார் எரு அடிப்பார்கள்? யார் வரப்பை உயர்த்துவார்கள்? ஆகவே பங்குக்காரர்களே கூடி, "இனிமேல் சீட்டு வேண்டாம், இது உனக்கு, இது எனக்கு" என்று 'அறுதிக்கரை' செய்துகொண்டார்கள். அப்படி ஒருவனுக்கென்று வயல் குறிப்பிட்டுவிட்ட பிறகு அதை அடமானம் வைப்பது சுலபம், விற்பது சுலபம், வெளியூரான் வாங்குவதும் சுலபம். கஷ்டகாலத்தில் ஒருவன் விற்றதை வசதியுள்ளவன் வாங்க, பல பங்குகள் ஒருவனிடம் சேர்ந்தன. நில வரியும் தனித்தனி மனிதர் பேரில் பட்டாவாக எழுதப்பட்டபோது கரையீடு அடியோடு மறைந்தது.

இந்த மாறுதலின்போது எழுந்த வழக்குகள் பல தினுசு. அண்ணன் தம்பிகளுக்குள் பங்கைப் பற்றிய வழக்கு. ஊர் மிராசுதாருக்கும் வெளியூரிலிருந்து வந்து சாகுபடி செய்த பரகுடிக்கும் வழக்கு. தரிசு நிலத்தைப் புதிதாக ஒருவன் உழப் போனால், "ஊர்த் தரிசும் எங்கள் மிராசைச் சேர்ந்தது, எங்களுக்குத் துண்டுவாரம் கொடு" என்று மிராசுதார்கள் தடுத்த வழக்கு. இவற்றையெல்லாம் விளங்கிக்கொள்ள முடியாமல் சர்க்கார் 1814-ல் 17 கேள்விகளை எழுதிக் கலெக்டர்களுக்கு அனுப்பியது. திருக்குறளில் ஈடுபாடு கொண்டு அதை மொழிபெயர்க்கவும் தொடங்கிய சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை அவற்றுக்கு எழுதிய விடைகள் 1818-ல் அச்சாயின. மிராசு பாத்தியதைக்கு அது ஒரு சாசனம் போல ஆயிற்று.

வழக்காட முடியாதவன்

மேலே சொன்ன வழக்குகளிலெல்லாம் வாதியும் பிரதிவாதியும் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு பாத்தியதை உள்ளவர்கள். வழக்குக்கே வர முடியாதவன் ஒருவன் இருந்தான். அவன்தான் பண்ணையாள். தஞ்சாவூர்ச் சீமையின் வயல் வேலை முழுவதும் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்களின் தோளில் கிடந்தது. அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிச் சேரியில் வைத்திருந்தார்கள். நிலத்தை விற்கும்போது பண்ணையடிமைகளையும் சேர்த்து விற்ற வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது என்பதை எல்லிஸ் துரையின் விடைகளே கூறுகின்றன. மரத்தையும் கிணற்றையும் எழுதிய வரிசையில் மனிதர்களும் இருந்தார்கள்! 1843-ம் வருஷத்து ஐந்தாவது சட்டம் அடிமைத்தனத்தை நியாய ஸ்தலங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுத்தது. சட்டம் வந்த பிறகு அடிமைச் சீட்டுக்குப் பதிலாகக் கடன் சீட்டு வந்தது.

பண்ணையாளுக்கு ஒன்றுமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. களத்தில் நெல் அளக்கும்போது அவனுக்கென்று களவடி உண்டு. குடிசை போட ஓரிடமும், சில இடங்களில் உழுதுகொள்ளச் சிறு துண்டு நிலமும் கொடுப்பார்கள். வண்ணான், நாவிதன், தலையாரி முதலிய ஊர்த் தொழிலாளிகளுக்குக் களத்தில் அளக்கும் நெல்லுக்குப் பழைய கணக்குகளில் என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'! இந்த வார்த்தைக்கு வேறு அர்த்தத்தைக் கண்டுபிடிக்க நமக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை நேயர்கள் அறிவார்கள்.

ஆனால் இவையெல்லாம் வழக்கத்தின் பேரில் கிடைத்தவை. வழக்கத்துக்குப் பத்திரம் இல்லை. மிராசுதாரின் கோபம் ஒன்றே போதும், களவடி குறையும். துண்டு நிலம் போகும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிசை போகும். ஏனென்றால் சேரி இருந்த மண்ணும் மிராசைச் சேர்ந்தது என்பதே மிராசுதார்களின் வாதம். செங்கற்பட்டு ஜில்லாவிலும் இதே மிராசு முறைதான். அங்கே கலெக்டராயிருந்த டிரமென்கீர், 1891-ல் எழுதிய அறிக்கையில் இந்த அநியாயத்தை விவரமாக எடுத்துக் காட்டினார். சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனையாவது சொந்தமாக வேண்டும், தரிசு நிலத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1892-ல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. 'பஞ்சமி நிலம்' என்று இன்றும் பேசப்படுவது அதன் தொடர்பாக வந்ததுதான்.

கண்ணுக்குத் தெரியாத வேலி எது என்பது இப்போது விளங்கும். மேற்கு ஹாடன் கிராமத்து ஏழை, வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டான். கீழ்வேளூர்ப் பக்கத்துப் பண்ணையாளோ வேலிக்கு உள்ளேயே வாழ்ந்தான். அவனுடைய அடுப்பு, அவன் குழந்தை தூங்கிய தூளி, அவன் பெற்றோரைப் புதைத்த இடம் எல்லாம் இன்னொருவருடைய பங்குக்குள் இருந்தன. பிடுங்கி எறிவதற்கு அவன் கண்முன் ஒரு முள் கூட இல்லை.

குடிசைக்கு அடியில் உள்ள மண்

பின்னால் நடந்தவற்றை நேயர்களில் மூத்தவர்கள் பலர் அறிந்திருப்பார்கள். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே தஞ்சை ஜில்லாவின் கிழக்குத் தாலுகாக்களில் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் எழுந்தன. 1952-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணமின்றிப் பண்ணையாளை வெளியேற்றக் கூடாது என்று முதல் முறையாகச் சட்டம் சொல்லிற்று. 1961-ல் ஒரு குடும்பம் 30 தர ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உச்சவரம்பு வந்தது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. ஆயினும் பல நிலங்கள் உறவினர் பேரிலும் தர்ம ஸ்தாபனங்களின் பேரிலும் மறைந்து நின்றன.

இதற்கிடையில் 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு. இன்றைய கீழ்வேளூர்த் தாலுகாவைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுச் சங்கத்தில் உறுதியாக நின்ற தொழிலாளர்களின் குடும்பத்தினர், தாக்க வந்தவர்களுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்தார்கள். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் வெந்து மாண்டார்கள். கோர்ட்டு விசாரணையில் கீழே தண்டனை பெற்றவர்கள் மேல் கோர்ட்டில் விடுதலையானார்கள். இரண்டு நூற்றாண்டுகளாகக் கணக்கிலும் ஓலையிலும் இருந்த வேலி அன்றிரவு நெருப்பாக வெளியே தெரிந்தது.

வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை கமிஷன் கூலியைப் பற்றி விசாரித்தது. 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நம்முடைய விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது 1971-ம் வருஷத்து 40-வது சட்டம். அதன் பெயர் நீளமானது. சாரம் ஒரே வரிதான். விவசாயத் தொழிலாளி பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தால் அந்த மனை அவனுக்கே சொந்தம். மிராசு என்ற சொல் வந்த நாள் முதல் எந்த அரசரும் எந்தக் கலெக்டரும் முழுமையாகத் தீர்க்காத கேள்விக்கு அந்த வரி விடை சொல்லிற்று.

வெண்மணிச் செய்தி கேட்டு இப்பகுதிக்கு வந்து தங்கிய சர்வோதயத் தம்பதிகள் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981-ல் 'லாப்டி' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களிடம் பேசி, பாங்கிக் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் எழுதி வைத்தார்கள். இப்படி நிலம் பெற்ற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தொண்ணூறுகளில் நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து, வயலையும் புறம்போக்கையும் வளைத்துக் கம்பி வேலி போட்டபோது அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவரும் இதே ஜகந்நாதன்தான். 1996 டிசம்பரில் கடற்கரை ஒழுங்குப் பிரதேசத்தில் அத்தகைய பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பாயிற்று. இந்தத் தடவை வேலி கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே எதிர்ப்பதும் சற்றுச் சுலபமாயிற்று என்று தோன்றுகிறது.

பழைய கரையீட்டு முறையைப் பழிக்க வேண்டியதில்லை. நல்ல வயலையும் கெட்ட வயலையும் முறை வைத்து மாற்றிக்கொண்ட அந்த மனப்பான்மை உயர்ந்ததுதான். குறை எதில் என்றால், சீட்டு எழுதும்போது யார் யார் பெயரை எழுதினார்கள் என்பதில். ஆகையால் 'பொது' என்ற சொல்லையோ 'சமுதாயம்' என்ற சொல்லையோ இனி எங்கே கேட்டாலும், கோயில் நிலமாகட்டும், ஏரிக் கரையாகட்டும், நகரத்து மைதானமாகட்டும், "இதில் பெயர் இல்லாதவர் யார்?" என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்த தடவை ரயில் கீழ்வேளூரைத் தாண்டும்போது நேயர்கள் வயலை மட்டும் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டாம். வயலுக்கு அப்பால் வரிசையாகச் சில சிறு வீடுகள் தெரியும். அவற்றில் பல ஒரு காலத்தில் ஓலைக் குடிசைகளாக இருந்தவை. வீடு பெரியதல்ல, வாசலில் நாலு பூச்செடியும் ஒரு முருங்கையும் இருக்கலாம். சுற்றிலும் ஒரு சிறு முள்வேலியும் இருக்கலாம். நெல் வயலுக்கு வேலி போடாத ஊரில் அந்த வேலியை அவர்கள் ஆசையோடு கட்டியிருப்பார்கள். தன் மண் என்று சொல்லிக்கொள்ள உரிமை கிடைத்த பிறகு கட்டிய வேலி அல்லவா?